ராஜா படம், தாதா நாவல், லாச்சிக்குள் ஒரு கடிதம்

1

இத்தாலியில், சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு நான் வந்து இந்த ஜூனோடு இருபத்திரண்டு வருடம் முடிகிறது. அதை ஞாபகம் வைத்திருந்தவன் நானல்ல, என் பள்ளித்தோழன் சவரிமுத்து. இலங்கையில், மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறான். அதே மெஷினில் மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு சஞ்சிகையும் அடித்து வெளியிடுகிறான். நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான்.

"மச்சான், குளிரு, தனிமை, சோத்துக்கு ஏங்குனது, அதெல்லாம் எழுதாத. எல்லாரும் எழுதிட்டாங்க," என்றான் போனில். "நீ அங்க என்னா படம் பாத்த, என்னா புத்தகம் படிச்ச, நல்லா இருந்துச்சா இல்லையா, அத எழுது."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இருபத்திரண்டு வருடமாக என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை, கறிக்கு உப்புப் போதுமா என்பதைத் தவிர. துருவிக் கேட்டதில் உண்மை வெளியே வந்தது. இந்த இதழுக்கு எழுதுவதாக இருந்த வாத்தியார் கையை விரித்துவிட்டாராம். நான்கு பக்கம் காலியாகக் கிடக்கிறதாம். சரி, காலிப் பக்கத்துக்கு நான் பொருத்தமான ஆள்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். இங்கே ஆறு மாடிக் கட்டடமொன்றில் வாசல் பார்க்கிறேன். நம் பாஷையில் வாச்சர். கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை, ஒரு மேசை, மேசைக்கு இழுத்துத் திறக்கும் ஒரு லாச்சி. வருகிறவர் போகிறவரைப் பார்ப்பதும், தபால்காரன் கட்டாகக் கொடுக்கும் கடிதங்களைப் பிரித்து அவரவர் பெட்டியில் போடுவதும் என் வேலை. என் பெயர் அருள்நாதன். ஆனால் இந்த நாட்டுக் கடதாசிகளில் அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. ஆகவே கட்டடம் முழுவதும் என்னை 'செபா' என்று கூப்பிடுகிறது. மாத்தளை டவுனைத் தாண்டிப் போகாத செபமாலையைப் பலெர்மோவில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுகிறார்கள்.

சந்தேகப்படுவது என் தொழிலுக்குத் தேவை. ஆனால் என் மனைவி லூர்து, "தொழிலுக்கு முன்னமே ஒங்களுக்கு அந்த வியாதி இருந்துச்சு" என்பாள். உண்மைதான். அது எப்போது தொற்றியது என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் எதற்கும் நட்சத்திரம் கொடுப்பதில்லை. தோட்டத்தில் கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும்; நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதி நாள் வேலை என்றுதான் பதிவார்கள். அந்த வழக்கத்தை நான் இங்கே கொண்டுவந்துவிட்டேன். ஃபாதரின் பிரசங்கம், லூர்தின் மீன்கறி, எல்லாவற்றுக்கும் முழுப்பேர் அல்லது அரைப்பேர். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் ஷெரினுக்குக் கொழுந்தைப் படத்தில்தான் தெரியும். ஆனால் அரைப்பேர் தெரியும்.

2

ஜூன் மாதத்து முதல் ஞாயிறு, இங்குள்ள தமிழர்கள் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை மத்தியானத்துக்கு எடுத்து ஒரு ராஜா படம் போட்டார்கள். படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ரசிகர்கள் சவரியின் கடைக் கண்ணாடியை உடைப்பார்கள்.

மூன்று மணித்தியாலப் படம். ராஜா, ராஜாவின் தம்பி, தம்பியின் மேல் ஆசைப்பட்டு அண்ணனைக் கட்டிக்கொண்ட ராணி, கடல் தாண்டிப் படையெடுப்பு. என் முதல் சந்தேகம் வேர்வையைப் பற்றியது. உச்சி வெயிலில் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் வாள் சண்டை போடுகிறார் ராஜா. நெற்றியில் ஒரு துளி இல்லை. வெயிலில் வேலை செய்த ஒருவனை அந்தப் படக்குழு ஒரு தடவையாவது பார்த்ததா என்று தெரியவில்லை.

இரண்டாவது, யானைகள். முப்பது யானையும் ஒரே நேரத்தில் ஒரே காலைத் தூக்குகின்றன. மூன்றாவதுதான் பெரிய சந்தேகம். மூக்குக் கோணலான ஒரு போர்வீரன் இடைவேளைக்கு முன்னால் நம் படையில் செத்தான். இடைவேளைக்குப் பிறகு எதிரிப் படையில் எழுந்து வந்து மறுபடியும் செத்தான். நான் ஷெரினிடம் காட்டினேன். "ரெண்டு ஷிஃப்ட் போல," என்றாள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கப்பல்களில் பாய் விரிக்கும் இடத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கட ஆக்கள் கடல் தாண்டின ஆக்கள்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் எவடம்?" என்று கேட்டார். மாத்தளை, எல்கடுவைப் பக்கம் என்றேன். "ஓ, தோட்டப் பக்கமோ," என்றார். அவ்வளவுதான், திரும்பித் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

என் மயிர்க்கூச்சமும் அதோடு அடங்கியது. எங்கள் ஆட்களும் கடல் தாண்டியவர்கள்தான். கொடி இல்லை, முரசு இல்லை. தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். ஒரு ராஜாவுக்கு மூன்று மணித்தியாலம் கொடுக்கிறார்கள், அந்த நடைக்கு ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட படங்கள் என் தோளில் கை போட்டு 'நாமெல்லாம் ஒன்று' என்று சொல்லும்போது நான் என் பொக்கெற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

"அப்பா, இதுல நம்ம ஆளு யாரு?" என்று ஷெரின் காதுக்குள் கேட்டாள்.

"அந்தா, ராணியோட பல்லக்கத் தூக்குறாங்கள்ள, மூணாவது ஆளு. தோள மாத்துறான் பாரு. இந்தப் படத்துல அவன் ஒருத்தந்தான் உண்மையா வேல செய்றான்."

அதற்குப் பிறகு அவளும் பல்லக்கு வரும்போதெல்லாம் ராணியைப் பார்க்கவில்லை, மூன்றாவது ஆளைத்தான் பார்த்தாள். 

கடைசிக் கட்டத்தில் தம்பியின் தலையை வெட்ட வாள் ஓங்கியாயிற்று. அந்த நேரம் பார்த்து மூன்று ஆறு, இரண்டு காடு தாண்டி ஓடிவந்த தூதுவன் ஓலையை நீட்டிவிட்டு விழுந்து செத்தான். தம்பி நிரபராதி. கொட்டகை முழுக்க விசில். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பெரியவர் என்னை முறைத்தார்.

3

திரும்பி வரும் பஸ்ஸில் ஷெரின் கேட்டாள், "ஏம்பா சிரிச்சீங்க? எல்லாரும் பாத்தாங்க."

"லெட்டர் கரெக்டான நேரத்துக்கு வருதே, அதான்."

"அந்தக் கிளாக்கர் கதையா?"

அந்தக் கதைதான். அவள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். போன மார்கழியில் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போனபோதுகூட அது வந்தது. நான்கு மணித்தியாலம் வரிசையில் நின்று கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் போனோம். அரசாங்க இத்தாலியன் எனக்குப் பிடிபடாது. வந்த புதிதில் மரியாதைச் சொல் தெரியாமல் எங்கள் கட்டடத்து வக்கீலை ஒரு வருடம் 'நீ' என்று கூப்பிட்டவன் நான். ஷெரின் அப்படியல்ல. எங்கள் மூன்றாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் அவளைச் சின்ன வயதிலிருந்தே தன் குசினி மேசையில் உட்காரவைத்துப் படிப்பித்தார். அந்த டீச்சரம்மா நான்கு வருடத்துக்கு முன்னால் வடக்கே மகனோடு இருக்கப் போய்விட்டார். ஆகவே கண்ணாடிக்கு முன்னால் எனக்காகப் பேசுவது எப்போதும் ஷெரின்தான்.

"சொந்த நாட்டு முகவரி?" என்று அதிகாரி கேட்டார். தோட்டம், கீழ்ப்பிரிவு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் என்று சொன்னேன்.

"தெருவின் பெயர்?"

"தெரு இல்லை."

"வீட்டு இலக்கம்?"

"அதுவும் இல்லை."

"அப்படியானால் உங்களுக்குக் கடிதம் எப்படி வரும்?"

ஷெரின் அதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தாள். நானே பதில் சொன்னேன். "வராது."

நடந்தது இதுதான். எங்கள் லயத்தில் முதன்முதலாக உயர்தரம் பாஸ் பண்ணியவன் நான். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வந்தது. லயத்துக்கு முகவரி இல்லாததால் எங்கள் எல்லாருடைய கடிதமும் அங்கேதான் வரும். கிளாக்கர் அதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். பத்தொன்பது நாள் வைத்தார். பிரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது ஒரு நாள் அப்பாவிடம் நீட்டினார். நேர்முகப் பரீட்சை அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை முடிந்திருந்தது.

நான் ஆபிசுக்கு ஓடிப்போய் ஏன் என்று கேட்டேன். கிளாக்கர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "மழ பேஞ்சுச்சுல்ல, அதான்," என்றார்.

ஆபிசுக்கும் லயத்துக்கும் இடையில் நடை கால் மணித்தியாலம். வேண்டுமென்று வைத்தாரா, மறந்தாரா, ஒரு கூலிக்காரன் மகன் வாத்தியாராவது பிடிக்கவில்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் மிளகுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், பிறகு இங்கே வந்தேன். சந்தேகம் என்ற வியாதி எனக்குத் தொற்றியது அந்த லாச்சியிலிருந்துதான். யாராவது ஒன்றைச் சொன்னால் அதற்குப் பின்னால் மூடிய லாச்சி ஒன்று இருக்கும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

"சரி, படம் முழுப்பேரா அரைப்பேரா?" என்று கேட்டாள் ஷெரின்.

"அரைப்பேர். அதுவும் அந்த மூணாவது ஆளுக்காக."

4

அடுத்த வாரம் என் வாசல் அறை வாங்குப் பலகையில் ஒரு புத்தகம் கிடந்தது. நான் சாப்பிடப் போகும்போது ஷெரின்தான் அரை மணித்தியாலம் வாசல் பார்ப்பாள்; மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புத்தகத்துக்குப் பிறவுண் பேப்பரில் அட்டை போட்டிருந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை பாடப் புத்தகத்துக்கே அட்டை போடுவதில்லை. நான் பிரித்துப் பார்த்தேன்.

உள்ளே கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன். கோட்டுக்குள் சட்டை இல்லை. நெஞ்சு முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. அவன் காலடியில் சிவப்பு உடுப்போடு ஒரு பெண், முகம் தெரியவில்லை. பின்னட்டையைக் கஷ்டப்பட்டு வாசித்தேன். சிசிலியின் மிகப் பயங்கரமான மனிதன், அவன் கடத்திக்கொண்டு போகும் ஏழைப் பெண், அவர்களுடைய காதல்.

நான் சிசிலியில் இருபத்திரண்டு வருடமாக வாசல் பார்க்கிறேன். இங்கே அந்த ஆட்களைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். மூலைக் கடைக்காரனின் பூட்டுக்குள் ஒரு நாள் காலையில் யாரோ பசை ஊற்றியிருந்தார்கள்; கப்பம் கட்டு என்பதற்கு அதுதான் அவர்களுடைய பாஷை. அவன் ஒன்றும் சொல்லாமல் பூட்டை மாற்றினான், நாங்களும் ஒன்றும் கேட்காமல் பாண் வாங்கினோம். அதில் கோட்டும் இல்லை, காதலும் இல்லை.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து ஷெரினைக் கவனிக்கத் தொடங்கினேன். போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் கிட்டப் போனால் திருப்பி வைக்கிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "டொரினோவுக்கு ட்ரெயின்ல எத்தன மணித்தியாலம்பா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். டொரினோ நாட்டின் மறுமுனையில் இருக்கிறது.

மூன்றாம் நாள் தபால் கட்டில் அவள் பெயருக்கு ஒரு உறை வந்தது. கையால் எழுதிய முகவரி. அனுப்பியவர் பெயர் இல்லை. டொரினோ முத்திரை. தடித்த உறை. எழுத்து கோணல்மாணலாக, ஆடி ஆடி இருந்தது. அடையாளம் தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அந்த 'ஆன்' எங்கிருந்து வந்தான் என்று நான் யோசிக்கவில்லை. அட்டைப்படத்தில் கோட்டோடு நின்றவன்தான் கண்ணுக்குள் வந்தான்.

நான் உறையைப் பிரிக்கவில்லை. பிரிப்பது வேறு, பத்திரமாக வைத்திருப்பது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாச்சியைத் திறந்து, மின்சார பில்களுக்குக் கீழே வைத்து மூடினேன்.

இரண்டு நாள் கழித்துக் கேட்டாள், "அப்பா, எனக்கு லெட்டர் ஏதும் வந்துச்சா?"

"வரலியே. என்னா லெட்டர்?"

"சும்மா, ஒரு போர்ம்."

போர்மாம், ஏதோ படிவமாம். அவள் காத்திருக்கிறாள் என்பதே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. பிறகு இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் வரவில்லை என்றேன். மூன்றாம் தடவை அவள் முகம் வாடியதைப் பார்த்து, பார், எவ்வளவு தூரம் போய்விட்டது என்று இன்னும் பயந்தேன்.

5

அவள் தலைக்குள் என்ன போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே அந்த நாவலை வாசிப்பதென்று முடிவெடுத்தேன். அவள் வாசித்து முடித்து, சிநேகிதியிடம் திருப்பிக் கொடுக்க அலுமாரி மேல் வைத்திருந்தாள். அவள் இறுதிப் பரீட்சைக்குப் படிக்க நூலகம் போனதும் எடுத்துக்கொண்டு கீழே வருவேன். அவள் திரும்புவதற்கு முன்னால் வைத்துவிடுவேன். பக்கத்தில் போனில் அகராதி. இந்த நாட்டு மொழியில் நான் முழுதாக வாசித்த முதல் புத்தகம் இதுதான் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். இரண்டாம் நாளே லூர்து பிடித்துவிட்டாள். அட்டையை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஐம்பத்திமூணு வயசாச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நாவலைப் பற்றிய என் அபிப்பிராயம். தாதாவுக்கு வயது இருபத்தொன்பது. அதற்குள் ஒரு கோட்டை, மூன்று கப்பல், ஒரு ஹெலிகொப்டர், சொல்லொணாத் துயரம் எல்லாம் சேர்த்துவிட்டான். முந்நூறு பக்கத்தில் ஒரு தடவைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஒரு கடதாசிக்கும் எந்தக் கந்தோரிலும் வரிசையில் நிற்கவில்லை. எழுதியவர் சிசிலியில் ஒரு வாரம் ஹோட்டலில் தங்கியிருக்கக்கூடும். பெண்ணைத் தூக்கிவந்து அறையில் பூட்டுகிறான். ஐம்பதாம் பக்கத்தில் அவள் அழுகிறாள், நூறாம் பக்கத்தில் அவன் கண்ணில் ஏதோ ஒரு சோகத்தைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு பூட்டு எங்கே போனது என்று எழுத்தாளருக்கே ஞாபகமில்லை. பூட்டியவன் அழகனாக இருந்தால் அது காவல் இல்லையாம், காதலாம். படித்துக்கொண்டே போகையில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் நான் தொடர்ந்து வாசித்ததற்குக் காரணம் கதை அல்ல. ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தது. தமிழில்.

சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் நான் அவளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அழுதுகொண்டே படித்தாள். அதற்குப் பிறகு அவள் தமிழில் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை, மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். இந்தப் புத்தகம் சிநேகிதிகள் கையில் சுற்றுகிறது. அவர்களுக்குப் புரியக்கூடாது என்று தமிழில் எழுதியிருக்கிறாள். அப்பா இத்தாலியன் நாவலைத் தொடவே மாட்டார் என்று என்னைப் பற்றியும் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

தாதா கடற்கரையில் நின்று சூரியனைப் பார்க்கும் இடத்தில்: 'இவருக்கு வேல வெட்டி இல்லயா?' ஹெலிகொப்டர் வரும் இடத்தில்: 'இத யாரு கழுவுறது?' கோட்டையில் கோப்பி கொண்டுவந்து வைக்கும் வேலைக்காரிக்குப் பக்கத்தில்: 'நாப்பது பக்கமாச்சு, இன்னும் இவங்களுக்குப் பேர் வைக்கல. மூணாவது ஆளு.' நான் வேகமாகப் புரட்டிப்போன சில பக்கங்களில்: 'ஐயோ.' பெண் அவனை மன்னிக்கும் இடத்தில், இரண்டு கோடு போட்டு: 'அரைப்பேர்!!'

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு நான் தனியாகச் சிரித்தேன். கடிதம் வாங்க வந்த வக்கீல் என்ன என்று கேட்டார். இவளையா தாதா தூக்கிக்கொண்டு போவான் என்று நினைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இவள் யாரிடமும் ஏமாறமாட்டாள். என் கண் இவளுக்கு அப்படியே இருக்கிறது.

அந்தப் பெருமையோடு லாச்சியைத் திறந்து கடிதத்தைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இன்னும் அறுபது பக்கம் இருக்கிறதே, பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன்.

6

அந்த அறுபதில் இருந்தது இது. பெண்ணுக்கு அவள் தங்கச்சி கடிதம் எழுதுகிறாள். தாதா அதை வாங்கித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டுகிறான். 'வெளியுலகம் அவளைக் காயப்படுத்தும். அதிலிருந்து அவளைக் காப்பது என் கடமை' என்கிறான். எழுத்தாளர் அதற்கு அடுத்த வரியில் அவனுடைய கண்ணீரைப் பற்றி எழுதுகிறார்.

ஓரத்தில் ஷெரின் எழுதியிருந்தாள்: 'இது காதல் இல்ல. இது அந்தக் கிளாக்கர். அப்பா இத வாசிச்சா புத்தகத்தயே கிழிச்சிருவாரு.'

நான் கிழிக்கவில்லை. அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. என் முழங்கால் லாச்சியில் முட்டிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மனிதனை நான் திட்டியிருக்கிறேன். அவர் எப்படி அதைச் செய்திருப்பார் என்று விதவிதமாக யோசித்திருக்கிறேன். இவ்வளவு லேசான காரியம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. லாச்சியைத் திறக்கிறோம், வைக்கிறோம், மூடுகிறோம். அடுத்த நாள் திறந்து கொடுப்பதுதான் கஷ்டம். நேற்று ஏன் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டுமே.

உறையை எடுத்து அந்தப் பக்கத்துக்குள் வைத்தேன். பின்னேரம் ஷெரின் வந்ததும் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். பிறவுண் அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "நீங்க... இத..." என்று தொடங்கி, உறை துருத்திக்கொண்டிருந்த இடத்தில் பிரித்தாள். தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு உறையைப் பார்த்தாள். முன்பக்கத்து முத்திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இன்னைக்கா வந்துச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"இல்லம்மா. பன்னெண்டு நாளாச்சு."

"நா கேட்டேன்ல. மூணு தடவ கேட்டேன்."

"கேட்ட."

"ஏம்பா?"

'வேலை கூடிப்போச்சு, பில்லோட பில்லா' என்று வாய் தானாகத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன். மிச்சம் எப்படிப் போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவள் அங்கேயே நின்றபடி உறையைப் பிரித்தாள். உள்ளே உண்மையாகவே ஒரு போர்ம்தான். 'இந்த மாணவி என் வீட்டில் தங்கிப் படிப்பாள்' என்ற உறுதிமொழி, கையெழுத்தோடு. கூடவே ஆடி ஆடி எழுதிய ஒரு சின்னக் கடிதம். மூன்றாம் மாடி டீச்சரம்மா. எண்பத்திரண்டு வயதுக் கை ஆடாமல் என்ன செய்யும்? மகன் வீடு வடக்கே என்று தெரியும், எந்த ஊர் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்கு அவருடைய நினைப்பு மட்டும் வரவில்லை. டொரினோவில் படிக்க ஷெரின் விண்ணப்பிக்கிறாள். இந்தக் கடதாசி வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அன்று புதன்.

"இது கைல வந்தப்புறம் ஒங்க ரெண்டு பேருக்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள். "வராட்டி சொல்லத் தேவையில்லன்னு நெனச்சேன்." அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

போனை எடுத்து டீச்சரம்மாவைக் கூப்பிட்டாள். அவருக்குக் காது மந்தம், ஆகவே இருவருடைய சத்தமும் எனக்குக் கேட்டது. கடிதம் கிடைத்துவிட்டது என்றாள். அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். பிறகு டீச்சரம்மா கேட்டார், "ஏன் பிள்ளை இவ்வளவு பிந்தியது?"

ஷெரின் என் முகத்தைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், அழகான இத்தாலியனில், "இங்கே மழை பெய்தது, அதனால்தான்," என்றாள்.

கண்ணாடிக்கு வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு இந்த ஊரில் ஒரு துளி விழவில்லை. நாற்பது வருடம் இங்கே இருந்த டீச்சரம்மாவுக்கும் அது தெரியும்.

"ஜூனில் மழையா," என்றார். "சரி. செபாவிடம் சொல், குடை பிடித்துக்கொள்ளட்டும்."

ஷெரின் சிரிக்கவில்லை.

போர்மை ஸ்கேன் பண்ணி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அனுப்பியாயிற்று. செப்டெம்பரில் போகிறாள். சவரி, நீ கேட்ட அபிப்பிராயம்: படத்துக்கு அரைப்பேர். நாவலுக்கும் அரைப்பேர்; ஓரத்தில் பென்சிலால் எழுதியதற்கு மட்டும் முழுப்பேர். மூன்றாவதாக ஒரு ஆளுக்கும் பேர் போட வேண்டியிருக்கிறது. அதை நான் ஷெரினிடம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

லாச்சியை இப்போது காலியாக வைத்திருக்கிறேன். தபால் கட்டில் ஷெரினின் பெயர் தெரிந்தால் அதை மேசைக்கு மேல், நடுவில், எல்லாருக்கும் தெரியும்படி வைக்கிறேன். அவள் வந்து எடுக்கிறாள், "தேங்ஸ்ப்பா" என்கிறாள். உறையைப் பிரிப்பதற்கு முன்னால், எனக்கு முன்னாலேயே நின்று, முத்திரையில் இருக்கும் தேதியைப் பார்க்கிறாள்.